பேசாம உக்காந்து ஜெபிக்கிறது – எனக்கு நடந்ததும் நான் கத்துக்கிட்டதும்

எங்க அன்பியத்துல, அதான் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற குழுவுல, ரெண்டு மூணு பேர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க, விடியக்காலைல கண்ண மூடி உக்காந்துட்டு என்னக்கா பண்றீங்க, என்ன சொல்லி ஜெபிக்கிறீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு தோணுச்சு. சுருக்கமா சொன்னா ஒண்ணும் சொல்றதில்ல. ஒரே ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு ஆண்டவர் முன்னாடி சும்மா உக்காந்திருக்கேன், மனசு எங்கயாச்சும் ஓடிப்போச்சுன்னா அந்த வார்த்தைக்குத் திரும்பி வரேன், அவ்வளவுதான். இதுல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்குத்தான் மீதிய எழுதுறேன்.

நான் பொறந்து வளந்தது எல்லாம் திருச்சி பாலக்கரை பக்கம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபமாலை, புதன்கிழமை சகாய மாதா கோவில்ல நவநாள், முதல் வெள்ளி ஆராதனை, வருஷத்துக்கு ஒரு தடவ வேளாங்கண்ணி. தவக்காலம் வந்தா மூணு நாள் தியானம், பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டி தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி பிரசங்கம், பாட்டு, கை தட்டு. இதுல எதையும் நான் குறை சொல்ல வரல, என் விசுவாசம் முளைச்சதே அந்த சத்தத்துலதான். ஆனா நாப்பது வயசு தாண்டுனப்புறம் ஜெபம்னு உக்காந்தா ஒரு லிஸ்ட்தான் வந்துச்சு. பையனுக்கு வேலை, மாமியாருக்கு சுகர் குறையணும், வீட்டு லோன் முடியணும், எங்க பேங்க்ல டிரான்ஸ்ஃபர் வராம இருக்கணும், ஆமென். அவர்கிட்ட பேசுறேன் பேசுறேன் பேசிக்கிட்டே இருக்கேன், ஒரு நாளாச்சும் அவர் பேச இடம் விட்டேனான்னு ஒரு கேள்வி உள்ள வந்து உக்காந்துடுச்சு, அது போகவே இல்ல.

அப்பதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சிஸ்டர், வாங்கம்மா ஒரு ரெண்டு நாள் சாந்திவனம் போய்ட்டு வரலாம்னு எங்க நாலஞ்சு பொம்பளைங்கள கூட்டிட்டுப் போனாங்க. திருச்சில இருந்து கரூர் பஸ்ல ஏறி தண்ணீர்பள்ளின்னு கேட்டு இறங்கணும், குளித்தலை பக்கத்துல, காவேரிக்கரை. சச்சிதானந்த ஆசிரமம்னு பேரு. 1950ல மோன்ஷானின், லெ சோன்னு ரெண்டு பிரெஞ்சு குருக்கள் ஆரம்பிச்சது. மோன்ஷானின் அதுக்கு முன்னாடியே குளித்தலைல பங்குப் பணி செஞ்சவர். லெ சோ தன் பேர அபிஷிக்தானந்தர்னு மாத்திக்கிட்டார், காவி கட்டிக்கிட்டார். அப்புறம் 1968ல பீட் கிரிஃபித்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்கார துறவி வந்து பொறுப்பு எடுத்து 1993ல சாகுற வரைக்கும் அந்த ஆசிரமமே வீடுன்னு இருந்தார், அவர் கல்லறையும் அங்கதான் இருக்கு. இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, அந்த வழியா எத்தனையோ தடவ பஸ்ல போயிருந்தும், எனக்கு அப்படி ஒரு இடம் இருக்குறதே தெரியாது. வெள்ளக்காரங்க ஐரோப்பாவுல இருந்து தேடி வராங்க, நாம இன்னொரு ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டு தாண்டிப் போய்ட்டு இருக்கோம்.

முதல் நாள் எனக்கு ஒட்டவே இல்ல, உள்ளத சொல்லணும்ல. கோவில் கட்டியிருக்குற விதமே நம்ம ஊர்க் கோவில் ஜாடைல இருக்கு, தரையில உக்காரணும், ஆரத்தி எடுக்குறாங்க, பைபிள் வாசகத்தோட உபநிஷதமும் படிக்கிறாங்க, தேவாரமும் பாடுறாங்க. என் கூட வந்த ஒரு அக்கா காதுல வந்து, ஏண்டி இது நம்ம கோவில்தானான்னு கேட்டாங்க. காலைல வெளிச்சம் வர்ற நேரத்துலயும் சாயங்காலம் பொழுது சாயுற நேரத்துலயும் ஒரு மணி நேரம் அமைதியா உக்காருற வழக்கம் அங்க. ஒரு மணி நேரம்! பத்து நிமிஷத்துல கால் மரத்துப்போச்சு, இருபது நிமிஷத்துல நான் பேங்க் லாக்கர் சாவி யார்கிட்ட குடுத்தேன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன், மீதி நேரம் முழுக்க அந்த சாவிதான். வெளிய வந்து சிஸ்டர்கிட்ட சொன்னேன், எனக்கு இதெல்லாம் வராது சிஸ்டர், ஜெபமாலையே போதும்னு. அவங்க சிரிச்சிட்டு, உங்க பாட்டி வேலை செஞ்சுக்கிட்டே ஏதாச்சும் முணுமுணுப்பாங்களான்னு கேட்டாங்க.

அது எனக்கு நல்லாத் தெரியும். எங்க அப்பாயி அம்மி அரைக்கும்போதும் ஆடு மேய்க்கும்போதும், இயேசுவின் திரு இருதயமே என் நம்பிக்கை எல்லாம் உம் பேரில் வைக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். மனவல்லய ஜெபம்னு பழைய ஜெபப் புத்தகத்துல இருக்குமே, அந்த ஒத்த வரி ஜெபங்கள். சிஸ்டர் அதப் புடிச்சிக்கிட்டாங்க. நாலாம் நூற்றாண்டுல எகிப்து பாலைவனத்துல இருந்த துறவிகள் இதத்தான் பண்ணாங்களாம், சங்கீதத்துல இருந்து ஒரு வரி எடுத்துக்கிட்டு நாள் முழுக்க அதையே உள்ள ஓட்டுறது. ஜான் காசியன்னு ஒருத்தர் அங்க போய் அவங்க கூட இருந்து கத்துக்கிட்டு வந்து பிரான்ஸ் பக்கம் எழுதி வச்சார், கடவுளே எனக்குத் துணை செய்ய விரைந்து வாரும்ங்கிற 70ஆம் திருப்பாடல் வரியத்தான் அவர் சொன்னது. கிரேக்க நாட்டுல ஆதோஸ் மலைத் துறவிகள், ஆண்டவர் இயேசுவே பாவி என்மேல் இரக்கமாயிரும்னு மூச்சோட சேத்து சொல்ற ஜெபமும் இதே வம்சம்தான். அப்ப எங்க அப்பாயிக்கும் எகிப்துத் துறவிக்கும் ஒரு சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு இருந்த பாதி பயம் போயிடுச்சு.

மீதி பாதி பயம், இது இந்து தியானம் ஆச்சே, சபை ஒத்துக்குமான்னு. இத இன்னமும் நெறைய பேர் கேக்குறதால கொஞ்சம் சொல்றேன். 1989ல ரோம்ல இருந்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதப் பத்தியே ஒரு கடிதம் வெளியிட்டாங்க, கர்தினால் ராட்சிங்கர், அதான் பின்னாடி 16ஆம் பெனடிக்ட் பாப்பு ஆனவர், கையெழுத்துப் போட்டது. அதுல எச்சரிக்கை நெறையவே இருக்கு, டெக்னிக்கையே ஜெபம்னு நெனச்சிடாதீங்க, உடம்புல வர்ற சுகமான உணர்ச்சிய பரிசுத்த ஆவியோட ஆறுதல்னு எடுத்துக்காதீங்கன்னு. ஆனா மத்த மதத்துல இருக்குங்கிறதுக்காகவே ஒரு முறைய தூக்கிப் போட்டுடவும் சொல்லல, கிறிஸ்தவ ஜெபத்தோட அடிப்படை கெடாம இருந்தா நல்லத எடுத்துக்கலாம்ங்கிறதும் அதுலயே இருக்கு. கத்தோலிக்க மறைக்கல்வி நூல்லயும் ஆழ்நிலை ஜெபத்துக்குன்னு ஒரு பகுதியே உண்டு, ஆர்ஸ் ஊர்ல வியான்னி சாமியார்கிட்ட அந்த விவசாயி சொன்னது அங்கதான் வரும், நற்கருணைப் பேழை முன்னாடி உக்காந்து என்ன பண்றேன்னு கேட்டதுக்கு, நான் அவரப் பாக்குறேன் அவர் என்னப் பாக்குறார்னு. அந்தக் கதைய எல்லா ஃபாதரும் பிரசங்கத்துல சொல்லிடுறாங்க, ஆனா அதுக்கப்புறம் ஒரு நிமிஷமாச்சும் பாக்க விடுறாங்களா, உடனே அடுத்த பாட்டு.

எனக்கு ரொம்பப் புடிச்ச கதை ஜான் மெயின் கதை. ஐம்பதுகள்ல பிரிட்டிஷ் அரசாங்க வேலைல மலாயாவுல இருந்தவர் அவர். கோலாலம்பூர்ல சுத்த சமாஜம்னு அனாதைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்திட்டிருந்த சுவாமி சத்தியானந்தாவ வேலை விஷயமா பாக்கப் போய், அவர்கிட்ட தியானம் கத்துக்கிட்டார். நான் கிறிஸ்தவன்னு சொன்னதுக்கு சுவாமி, அப்ப கிறிஸ்தவ மந்திரத்தையே வச்சுக்கோன்னு சொல்லிட்டாராம். அப்புறம் மெயின் பெனடிக்ட் சபைத் துறவியா சேந்தப்ப அங்க நவதுறவிகளுக்குப் பொறுப்பா இருந்தவர் இத விட்டுடுன்னுட்டார், இவரும் கீழ்ப்படிஞ்சு விட்டுட்டார், வருஷக்கணக்கா. பின்னாடி அதே காசியன திரும்பப் படிக்கும்போதுதான் அட இது நம்ம சபைக்குள்ளயே இருந்திருக்கேன்னு புடிச்சிக்கிட்டார். 1982ல இறந்துட்டார். கீழ்ப்படிஞ்சு விட்டதும் அது அவரத் தேடி வந்ததும், ரெண்டும் எனக்குப் புடிச்சிருக்கு.

சரி, செய்முறைக்கு வரேன். ஒரு வார்த்தை வேணும். மெயின் சொன்னது மாரநாதா, பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் திருமுகத்தோட கடைசில வர்றது, ஆண்டவரே வாரும்னு. நான் வச்சிருக்குறது வெறும் அப்பா. எதுவா இருந்தாலும் சின்னதா இருக்கட்டும், முக்கியமா மாத்திக்கிட்டே இருக்காதீங்க, இன்னைக்கு இயேசுவே நாளைக்கு சமாதானம் அடுத்த நாள் இரக்கம்னு போனா எந்த வார்த்தை நல்லாருக்குன்னு டேஸ்ட் பாக்குறதுலயே வருஷம் ஓடிடும். அத எப்படி சொல்றதுங்கறதுல ரெண்டு வழி இருக்கு, இது தெரியாம நெறைய பேர் குழம்புறாங்க. மெயின் வழியில ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உள்ள அந்த வார்த்தைய சொல்லிக்கிட்டே இருக்கணும். இன்னொரு வழி அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஸ்பென்சர் மடத்துல எழுபதுகள்ல மெனிஞ்சர், பென்னிங்டன், கீட்டிங்னு மூணு டிராப்பிஸ்ட் துறவிகள் வகுத்தது, சென்டரிங் பிரேயர்னு சொல்வாங்க, அதுல மனசு எதையாச்சும் புடிச்சிக்கிட்டு போறது தெரியும்போது மட்டும் வார்த்தைய எடுத்தா போதும், மத்த நேரம் வார்த்தையும் வேண்டாம். எனக்கு ரெண்டாவதுதான் ஒத்துவருது, எங்க குரூப்ல பாதிப் பேருக்கு முதலாவதுதான் ஒத்துவருது. எதுன்னாலும் அந்த வார்த்தைய அழுத்திச் சொல்லக் கூடாது, தூளி ஆட்டுற கை இருக்கே, புள்ள சிணுங்கினா ஒரு தட்டு தட்டும், அப்புறம் சும்மா கயித்து மேல கிடக்கும், அந்த அளவுக்குத்தான்.

நேரம் இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நடைமுறைல காலைல நான் விடறதில்ல, சாயங்காலம் ஓடுறப்ப ஓடும். காலைலனா அஞ்சு மணிக்கு முன்னாடி, ஏன்னா அஞ்சே காலுக்கு தண்ணி வந்துடும், மோட்டார் போடணும், அதுக்கப்புறம் குக்கர், டிபன் பாக்ஸ், மாமியாருக்கு ஊசி, அந்த வீட்ல மோட்சத்துக்கே வழி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டு உக்காரலாம்னு நெனச்சா நடக்கவே நடக்காது, அதனால வர்ற வழியில கோவில்ல பத்து பதினஞ்சு நிமிஷம் பின் பெஞ்சுல உக்காந்துட்டு வந்துடுறேன். வீட்ல தனி ரூம் இருக்கணும்னு அவசியமில்ல, உள்ளறைக்குப் போய் கதவ அடைச்சிக்கோன்னு ஆண்டவர் சொன்னது மத்தேயு ஆறுல இருக்கு, எங்க வீட்ல உள்ளறைன்னா அரிசி மூட்டையும் பழைய பீரோவும் இருக்குற ரூம்தான், அங்க ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டிருக்கேன். ஆமா சேர்தான். பத்மாசனம் போட்டாத்தான் ஜெபம் ஏறும்னு யாராச்சும் சொன்னா என் மூட்டுகிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க. முதுகு நேரா இருக்கணும், பாதம் தரையில படணும், அது போதும்.

மொபைல்ல டைமர் வைக்கும்போது ஃபிளைட் மோட்ல போட்டுடுங்க, இல்லன்னா குட் மார்னிங் மெசேஜ் வந்து டொய்ங்குங்கும். அலாரம் சத்தம் மெல்லிசா மணி அடிக்கிறதா வச்சுக்கோங்க, என் பையன் ஒரு தடவ விளையாட்டுக்கு குத்துப்பாட்டு வச்சிட்டான், நெஞ்சே நின்னுடுச்சு. மணி அடிச்சதும் டக்குனு எந்திரிச்சு ஓடாதீங்க, ஒரு ரெண்டு நிமிஷம் கண்ண மூடியே இருந்துட்டு மெதுவா ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிச்சா நல்லாருக்கும். சாப்பிட்ட உடனே உக்காராதீங்க, தூக்கம் வரும். தூக்கம் வந்தா வந்துட்டுப் போகட்டும், ஆனா தினமும் வந்துச்சுன்னா அது ஜெபத்துல இருக்குற குறை இல்ல, ராத்திரி சீரியல் பாத்துட்டு பன்னெண்டு மணிக்குப் படுக்குறதுதான் காரணம்.

எண்ணங்கள் வர்றதப் பத்திதான் எல்லாரும் புலம்புறது. கீட்டிங் ஃபாதர்கிட்ட ஒரு சிஸ்டர் வந்து, இருபது நிமிஷத்துல எனக்கு பத்தாயிரம் எண்ணம் வந்துச்சு ஃபாதர், நான் தோத்துட்டேன்னு சொன்னாங்களாம், அவர் உடனே, ஆகா எவ்வளவு அழகு, கடவுள்கிட்ட திரும்பி வர பத்தாயிரம் வாய்ப்புன்னாராம். இதுதான் இந்த ஜெபம் மொத்தமும்னு நான் சொல்வேன். மனசு காலியாகுறது நம்ம வேலையே இல்ல. ஓடுறது மனசோட வேலை, திரும்புறது நம்ம வேலை, மீதி அவரோட வேலை. அவிலா தெரசம்மா எவ்வளவு பெரிய புனிதை, மறைவல்லுநர் பட்டம் குடுத்திருக்காங்க, அவங்களே சில வருஷம் ஜெப நேரத்துல மணி எப்ப அடிக்கும் எப்ப முடியும்னுதான் காதக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்காங்க. நமக்கு என்ன.

அதனால எந்திரிச்சப்புறம் இன்னைக்கு நல்லா இருந்துச்சா இல்லையான்னு மார்க் போடறத நான் விட்டுட்டேன். இது ரொம்பக் கஷ்டம், ஏன்னா நமக்கு எல்லாத்துக்கும் ரிசல்ட் வேணும். ஒரு நாள் அப்படியே உள்ள குளுகுளுன்னு இருக்கும், இறங்கி வரவே மனசு வராது, மறுநாள் அத எதிர்பார்த்து உக்காந்தா வறட்டு வறட்டுன்னு இருக்கும். வெளிச்சம் தெரியுது, ரோஜாப்பூ வாசனை வருதுன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அப்படி ஒண்ணும் வந்ததில்ல, வந்தாலும் அதப் புடிச்சிக்கிட்டு நிக்காம தாண்டிப் போங்கன்னுதான், தெரசம்மா காலத்துப் புனிதர் சிலுவை யோவான் கண்டிப்பா சொல்லியிருக்கார். எங்க சிஸ்டரும் அதேதான், வாசனை வந்துச்சா சரி வார்த்தைக்குத் திரும்பு, கொசு கடிச்சுதா சரி வார்த்தைக்குத் திரும்பு.

இப்ப சொல்லப்போறத யாரும் முன்னாடியே எனக்கு சொல்லல, அதனால அழுத்திச் சொல்றேன். கொஞ்ச மாசம் ஒழுங்கா உக்காந்தப்புறம் அமைதி கூடும்னு பாத்தா எனக்கு கோவம்தான் கூடிச்சு. எங்க அப்பா செத்தப்புறம் வீட்டுப் பங்குல என்கிட்ட கையெழுத்து வாங்குன விதம் இருக்கே, அது எல்லாம் முடிஞ்சுபோச்சு மன்னிச்சாச்சுன்னு பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லியிருந்தேன். அது அப்படியே வார்த்தை வார்த்தையா மேல வந்துச்சு, யார் எங்க உக்காந்திருந்தாங்க, யார் என் மொகத்தப் பாக்கலங்கறது வரைக்கும். அந்த அரிசி மூட்டை ரூம்ல உக்காந்து நான் அழுதத வீட்டுக்காரர் பாத்துட்டு பயந்துட்டார், இந்த ஜெபத்த விட்டுத்தொலைன்னார். சிஸ்டர்தான், இது இப்படித்தான் வரும், மேல சத்தம் அடங்குனா அடியில கெடந்தது மிதக்கும், எதுவும் பேசி ஜெயிக்காத, அப்பான்னு கூப்பிட்டுட்டு உக்காருன்னாங்க. கீட்டிங் கூட இதப் பத்தி விரிவா சொல்லியிருக்கார், உள்ள அமுங்கிக் கெடக்குறது இறங்கி வெளிய போறதுன்னு. என் விஷயத்துல அது மாசக்கணக்கா ஓடுச்சு. இப்ப அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போறேன், சாப்பிடறேன், வரேன். கோவம் சுத்தமா போச்சான்னா இல்ல, ஆனா நான் வச்சிருந்த இடத்துல இப்ப இல்ல.

இதனாலதான் தனியா ஆரம்பிக்காதீங்கன்னு சொல்றேன். ஒரு ஃபாதரோ சிஸ்டரோ, இதுல கொஞ்சம் நடந்தவங்க யாராச்சும் ஒருத்தர்கிட்ட மாசத்துக்கு ஒரு தடவ பேசுங்க. ஏற்கனவே டிப்ரஷன், பதட்டம்னு மருந்து சாப்பிடறவங்க, இல்ல சமீபத்துல பெரிய இழப்பு நடந்தவங்க, முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அஞ்சு நிமிஷம் மட்டும் உக்காருங்க, இல்ல இப்போதைக்கு ஜெபமாலையே சொல்லுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. இந்த ஜெபம் இருக்குறதால மாத்திரைய நிறுத்திட்டேன்னு யாராச்சும் சாட்சி சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க.

மாற்றம் என்னன்னு கேட்டா, உக்காந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது, அது வேற எங்கயோ தெரியும், பெரும்பாலும் மத்தவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். பென்ஷன் வாங்குற நாள்ல கவுன்ட்டர்ல பெரியவங்க ஒரே கேள்விய நாலு தடவ கேப்பாங்க, முன்னெல்லாம் மூணாவது தடவ என் குரல் மாறிடும், இப்ப மாறுறது எனக்கே முன்கூட்டி தெரியுது, அந்த ஒரு நொடி கெடைக்குது. எல்லா நாளும் இல்ல. ஜெபமாலை சொல்றது குறையல, மெதுவாயிடுச்சு, மாமியார் கூட கேட்டாங்க என்னடி இவ்வளவு இழுக்குறன்னு. பூசைல நற்கருணை வாங்கிட்டு வந்து உக்காந்தப்புறம் இருக்குற அந்த கொஞ்ச நேரம்தான் இப்ப எனக்கு பூசைலயே பெருசு, பாடகர் குழு அந்த நேரத்துல ரெண்டு பாட்டுப் பாடாம ஒண்ணோட நிறுத்தலாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிப் பாத்திருக்கேன், இன்னும் நடக்கல. அந்த லிஸ்ட் கூட இன்னும் இருக்கு, ஜெபத்துக்கு அப்புறம் தனியா சொல்றேன், ஆனா சின்னதாயிடுச்சு.

ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்க முடிஞ்சா ஒரு தடவ சாந்திவனம் போய்ட்டு வாங்க, முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, சாப்பாடு எளிமையாத்தான் இருக்கும், கொசுவுக்கு ஏதாச்சும் எடுத்துட்டுப் போங்க. கொடைக்கானல் பெருமாள்மலைல போதி ஜென்டோன்னு ஆமா சாமிங்கிற இயேசு சபைக் குரு ஆரம்பிச்ச இடம் இருக்கு, அது ஜப்பான் ஜென் முறை, கொஞ்சம் கட்டுப்பாடு ஜாஸ்தி, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அத நான் முதல்ல சொல்ல மாட்டேன்.

எங்கயும் போக முடியாதவங்க, வாரத்துல ஒரு நாள் நாலு பேர் சேந்து உக்காருங்க, தனியா உக்காருறத விட அது நூறு மடங்கு சுலபம். நாங்க வியாழக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் வீட்டுல கூடுறோம். முதல்ல அன்னைக்கு நற்செய்தி ஒரு தடவ வாசிச்சிட்டு விளக்கமே குடுக்காம உக்காந்துடுவோம், இருபது நிமிஷம், முடிஞ்சதும் ஒரு காபி. ஃபேன் போடலாமா வேண்டாமாங்கறதுலதான் இதுவரைக்கும் பெரிய சண்டையே. குரூப்ல ஒரு பெரியவர் உக்காந்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பிச்சிடுவார், முதல்ல எழுப்பிப் பாத்தோம், அவர் கண்ணத் தொறந்து, நான் தூங்கலம்மா ஆண்டவர் மடியில இருந்தேன்னுட்டார், அதுக்கப்புறம் எழுப்புறதில்ல.